வெயில் ஊரில் பனிக்கட்டி மேல் ஒரு பிள்ளை



பரிசளிப்பு விழா மலரில் சரித்திரக் கட்டுரை என்றால் இராசேந்திர சோழன் கடாரம் கொண்டதையோ, இராஃபிள்ஸ் துரை கப்பலிலிருந்து இறங்கியதையோ எதிர்பார்த்துத்தான் பக்கத்தைப் புரட்டுவீர்கள். அவற்றைப் பலரும் எழுதிவிட்டார்கள், இன்னும் எழுதுவார்கள். இந்த முறை நான் பனிக்கட்டியைப் பற்றிச் சொல்லப் போகிறேன். அதன்மேல் கத்தி போன்ற இரும்பைக் காலில் கட்டிக்கொண்டு ஆடும் பிள்ளைகளைப் பற்றியும் சொல்லப் போகிறேன். "நமக்கும் அதுக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று கேட்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். டோபி காட்டிலிருந்தே தொடங்குகிறேன்.

டோபி காட் ரயில் நிலையத்தில் இறங்கி ஏறாத சிங்கப்பூர்வாசி கிடையாது. மூன்று ரயில் பாதைகள் சந்திக்கும் இடம். டோபி என்றால் இந்தியில் துணி வெளுப்பவர். காட் என்றால் படித்துறை. சென்னைப் பக்கமிருந்தும் வங்காளப் பக்கமிருந்தும் வந்த சலவைத் தொழிலாளர்கள் இங்கே ஓடிய பிராஸ் பாசா ஓடையில் துணி துவைத்து, இன்று ஒய்.எம்.சி.ஏ. கட்டடம் நிற்கும் பக்கத்துப் புல்வெளியில் உலர்த்தினார்கள். வெயில்தான் அவர்களுக்கு முதலாளி. வெயில் அடித்தால் கூலி, மழை பெய்தால் பட்டினி. பால் மரம் வெட்டுகிறவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. ஓடை பிறகு ஸ்டாம்ஃபோர்ட் கால்வாயாகிச் சாலைக்கு அடியில் மறைந்தது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. 1939இல் அதே இடத்தில் கேத்தே கட்டடம் எழுந்தது; அந்நாளில் சிங்கப்பூரின் முதல் வானளாவி என்று பேர் வாங்கியது.

இவ்வளவு வெயிலில் பனிக்கட்டி எங்கிருந்து வந்தது? கப்பலில் வந்தது ஐயா! 1854இல் வாம்போவா என்று ஊரெல்லாம் அழைத்த சீன வணிகர் ஹூ ஆ கே, கில்பர்ட் ஆங்கஸ் என்பவரோடு கூட்டுச் சேர்ந்து சிங்கப்பூர் ஆற்றங்கரையில் ஐஸ் வீடு ஒன்று கட்டினார். அமெரிக்காவில் குளிர்காலத்தில் ஏரிகள் உறைகிறபோது, அந்தப் பாளங்களை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலேற்றி, பாதி உலகம் சுற்றிக் கொண்டுவந்தார்கள். வாங்குவோர் போதவில்லை. சில ஆண்டுகளிலேயே வியாபாரம் படுத்துவிட்டது. சென்னையிலும் இதே கதைதான். கடற்கரையில் 1842இல் கட்டிய ஐஸ் ஹவுஸ், அமெரிக்கப் பனிக்கட்டி வந்து இறங்கிய கிடங்கு. 1897இல் சுவாமி விவேகானந்தர் தங்கியதால் இப்போது அவர் பெயரால் நிற்கிறது. சென்னைக்காரர்கள் வாயில் மட்டும் இன்னும் அது ஐஸ் ஹவுஸ்தான்.

டோபி காட்டிலிருந்து ரயிலில் ஒரே ஒரு நிறுத்தம் போனால் லிட்டில் இந்தியா. அங்கே மெக்கன்சி சாலையில் ரெக்ஸ் தியேட்டர். 1946இல் திறந்த படக்கொட்டகை. உங்களில் வயதானவர்கள் அங்கே எத்தனை படம் பார்த்திருப்பீர்களோ! 1983இல் அது மூடப்பட்டது. பிறகு ஒரு காலத்தில் பனிச்சறுக்கு அரங்காக, ஒரு காலத்தில் நடனக்கூடமாக, இன்னொரு காலத்தில் தேவாலயமாக இருந்து, 2009இல் மறுபடி படக்கொட்டகையாகத் திறந்து தமிழ்ப் படங்கள் ஓட்டியது. ஆக, நம்மவர் கறிகாய் வாங்கும் தேக்கா பக்கத்திலேயே, கனகாம்பரம் விற்கிற கடைகளுக்கு நாலெட்டு தூரத்திலேயே, பிள்ளைகள் ஐஸ் மேல் வழுக்கி விழுந்து எழுந்த காலமும் ஒன்று உண்டு. சம்பந்தம் இல்லையென்று இனிச் சொல்ல மாட்டீர்கள்.

வெயில் நாட்டில் அந்தத் தளத்தை எப்படி உறைய வைக்கிறார்கள் என்று மாணவர்கள் கேட்பார்கள். கேட்கவும் வேண்டும். தரைக்கடியில் வரிசை வரிசையாகக் குழாய்கள். அவற்றில் உப்புநீரையோ உறையாத வேறொரு கரைசலையோ கடுங்குளிராக்கி ஓட விடுகிறார்கள். வீட்டுக் குளிர்பெட்டி செய்கிற வேலையேதான், அளவு மட்டும் பெரிது. மேலே தண்ணீரை ஒரேயடியாகக் கொட்டிவிடக் கூடாது. மெல்லிசாகத் தெளித்து, அது உறைந்த பிறகு அதன்மேல் மறுபடி தெளித்து, தோசைமேல் தோசையாக அடுக்குகிறார்கள். கடைசியில் மூன்று நான்கு சென்டிமீட்டர் கனம் வரும், அவ்வளவுதான். ஆட ஆட மேற்பரப்பு கீறிப்போகும். அதைச் சீவி, மேலே சுடுதண்ணீர் பூசிச் சமப்படுத்த ஒரு வண்டி உண்டு. 1949இல் கலிஃபோர்னியாவில் ஃபிராங்க் ஜாம்போனி என்பவர் செய்தது. வண்டிக்கே ஜாம்போனி என்று பேராகிவிட்டது. பனிக்கட்டிக்குச் சுடுதண்ணீரா என்று சிரிக்காதீர்கள். சூடான நீர் பழைய பரப்பைச் சற்றே உருக்கி அதோடு ஒட்டிக்கொள்ளும். உறைந்தபின் கண்ணாடி போல் இருக்கும்.

இந்த விளையாட்டை ஃபிகர் ஸ்கேட்டிங் என்கிறார்கள். பனிமலையில் கட்டை பூட்டிக்கொண்டு இறங்குவது வேறு. அதோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஃபிகர் என்றால் உருவம், கோலம். நம் வீட்டுப் பெண்கள் வாசலில் மாவால் இழுக்கும் கோலத்தை இவர்கள் காலிலிருக்கும் இரும்பால் பனிக்கட்டியில் இழுத்தார்கள். எட்டு என்ற எண்ணைக் கோடு பிசகாமல் மறுபடி மறுபடி வரைய வேண்டும். நடுவர்கள் குனிந்து நின்று கோட்டைப் பார்த்து மதிப்பெண் போடுவார்கள். பார்க்கிறவர்களுக்குத் தூக்கம் வந்துவிடும். 1990இல் உலகப் போட்டிகளில் கோலப் பகுதியை எடுத்தேவிட்டார்கள். பேர் மட்டும் ஒட்டிக்கொண்டது, டோபி காட் போல. இப்போது இசைக்கு ஆடுவதும், சுழல்வதும், பாய்ந்து காற்றில் மூன்று நான்கு சுற்றுச் சுற்றி ஒற்றைக் காலில் இறங்குவதும்தான் ஆட்டம். காற்றில் இருக்கிற நேரம் ஒரு விநாடிகூடக் கிடையாது. இறங்கும்போது உடல் எடையைப் போல் பல மடங்கு பாரம் அந்த ஒரு காலில் விழுகிறது. வளர்கிற பிள்ளையின் எலும்பு அது என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்காக ஒரு கதையை இடையில் சொல்லிவிடுகிறேன். 1902இல் லண்டனில் உலகப் போட்டி. மேட்ஜ் சையர்ஸ் என்ற ஆங்கிலப் பெண் பேர் கொடுத்தார். அதுவரை ஆண்கள்தாம் ஆடினார்கள். விதிப்புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார்கள். பெண் ஆடக்கூடாதென்று எங்கும் எழுதவில்லை! ஒரு பெண்ணுக்கு அந்த எண்ணமே வராதென்று நினைத்திருப்பார்கள் போலும். ஆடினார், இரண்டாம் இடம் பெற்றார். முதலிடம் சுவீடன் நாட்டு உல்ரிக் சால்கோவுக்கு. இன்றும் ஒரு வகைப் பாய்ச்சலுக்கு அவர் பெயர்தான். அடுத்து என்ன செய்தார்கள் தெரியுமா? பெண்கள் ஆடக்கூடாதென்று விதி எழுதினார்கள். ஆனால் அது நிலைக்கவில்லை. 1906இல் பெண்களுக்கென்றே தனிப் போட்டி வைக்க வேண்டியதாயிற்று. அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் வென்றவர் அதே மேட்ஜ் சையர்ஸ். 1908இல் லண்டன் ஒலிம்பிக்கில் முதன்முதலாக இந்த ஆட்டம் சேர்ந்தபோது தங்கமும் அவருக்கே.

பிறகு நார்வேயின் சோன்யா ஹெனி வந்தார். 1924இல் பிரான்சின் ஷாமோனி நகரில் முதல் குளிர்கால ஒலிம்பிக் நடந்தபோது அவருக்குப் பதினோரு வயது. ஆடிய எட்டுப் பேரில் எட்டாவது. அத்தோடு விட்டாரா? 1928, 1932, 1936 மூன்றிலும் தங்கம் வாங்கிவிட்டு ஹாலிவுட்டுக்குப் போய்ப் படத்தில் நடித்தார். சின்ன வயதிலேயே தொடங்க வேண்டும், சீக்கிரம் ஜெயிக்க வேண்டும் என்ற எண்ணம் இந்த ஆட்டத்தில் வேர்விட்டது அவர் காலத்தில்தான் என்பது என் கருத்து. 1998இல் அமெரிக்காவின் டாரா லிபின்ஸ்கி பதினைந்து வயதில் ஒலிம்பிக் தங்கம் வென்றார். பதினைந்து வயதென்றால் நம் பள்ளியில் மூன்றாம் நான்காம் உயர்நிலை வகுப்புப் பிள்ளை.

இப்போது நம் பக்கத்துக்கு வருவோம்.

தென்கிழக்காசியாவில் ஏரி எதுவும் உறையாது. ஆனால் பேரங்காடிகள் உண்டு. எங்கள் தலைமுறையில் கம்பத்துத் திடலில் பிள்ளைகள் பந்து விளையாடினார்கள். அடுத்த தலைமுறையில் பேரங்காடிக்குள் குளிரூட்டி வைத்த தளத்தில் சறுக்கினார்கள். பிலிப்பீன்ஸ் நாட்டு மைக்கேல் கிறிஸ்டியன் மார்ட்டினெஸ் அப்படி வந்தவர். ஆஸ்துமா நோயாளிப் பிள்ளை. மணிலாப் பக்கத்துப் பேரங்காடி ஒன்றில் ஆடத் தொடங்கி, 2014இல் ரஷ்யாவின் சோச்சி நகரில், தென்கிழக்காசியாவிலிருந்து ஒலிம்பிக் சென்ற முதல் ஃபிகர் ஸ்கேட்டர் ஆனார். பத்தொன்பதாம் இடம். பயிற்சிச் செலவுக்காக வீட்டை அடமானம் வைத்தார்கள் என்று அப்போது செய்தி வந்தது. பிள்ளை படிப்புக்குத் தாலிக்கொடியைக் கழற்றிக் கொடுத்த தாய்மார்கள் இந்த வரிசையிலேயே உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களுக்கு இது விளங்கும்.

மலேசியாவின் ஜூலியன் யீ கதை இன்னும் கிட்டத்தில் உள்ளது. 1997இல் கோலாலம்பூரில் பிறந்தவர். நான்கு வயதில் அண்ணன்மாரோடு சேர்த்து அம்மா சறுக்கவிட்டது சன்வே பிரமிட் பேரங்காடியில். ஒரு காலத்தில் ஈயம் தோண்டிய நிலம் அது. ஒலிம்பிக் அளவு தளம் அறுபது மீட்டர் நீளம், முப்பது மீட்டர் அகலம். அங்கே இருந்ததோ அதைவிடச் சிறியது. முழு ஆட்டத்தையும் ஓட்டிப் பார்க்க இடம் போதாது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு நடுவில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கும் குழந்தைகளைச் சுற்றிச் சுற்றி ஆடிப் பழகினார். தொடக்கத்தில் ஹாரி ஜான்தோ லியோ என்பவரிடம் கற்றார். பிறகு கனடாவில் மைக்கேல் ஹாப்ஃபெஸ் என்பவரிடம் பயிற்சிக்குப் போனார். 2017 செப்டம்பரில் ஜெர்மனியில் நெபெல்ஹார்ன் போட்டி. ஒலிம்பிக்கில் மீதமிருந்த இடங்கள் அங்கேதான் முடிவாகும். ஆறாவதாக வந்தார், இடம் கிடைத்தது. குளிர்கால ஒலிம்பிக்கில் மலேசியா கால் வைத்தது அதுதான் முதல் தடவை. 2018 பிப்ரவரியில் தென்கொரியாவின் பியோங்சாங் நகரில் மலேசியக் கொடியைத் தூக்கிக்கொண்டு நடந்தவர் அவரே.

அங்கே முப்பது பேர் முதல் ஆட்டம் ஆடினார்கள். இருபத்து நான்கு பேர்தாம் இரண்டாம் ஆட்டத்துக்குப் போகலாம். யீ வாங்கியது 73.58 மதிப்பெண். இடம் இருபத்தைந்து! ஒரே ஒரு படி. பரீட்சையில் ஒரு மதிப்பெண்ணில் தவறியவர்கள் இங்கே இருப்பீர்கள். அந்த ஒன்றின் எடை உங்களுக்குத் தெரியும். ஆனால் மனிதர் மூட்டை கட்டவில்லை. 2017இல் வாங்கிய தென்கிழக்காசிய விளையாட்டுத் தங்கத்தை 2019இல் மறுபடி வாங்கினார்.

சிங்கப்பூரும் சும்மா இருக்கவில்லை. 2012இல் ஜூரோங் கிழக்கில் ஜேகியூப் பேரங்காடி திறந்தபோது ஒலிம்பிக் அளவுத் தளம் முதன்முதலாக இங்கே வந்தது. (2023 ஆகஸ்டில் அந்தப் பேரங்காடியே மூடப்பட்டுவிட்டது. இந்த ஊரில் எதுவும் நிரந்தரமில்லை. ஓடை போனது, புல்வெளி போனது, பனிக்கட்டியும் போனது.) 2018 ஒலிம்பிக்கில் சிங்கப்பூரின் முதல் குளிர்கால வீராங்கனையாக ஷயன் கோ போனார். அவர் ஆடியது நடனமல்ல, குறுந்தட வேகச் சறுக்கு. இங்கே பிறந்து நான்கு வயதில் குடும்பத்தோடு கனடா போய் வளர்ந்த பெண். இந்தியாவின் பேரிலும் அமெரிக்காவில் பிறந்த தாரா பிரசாத் என்ற பெண் தேசிய வாகைப் பட்டம் வென்று உலக அரங்குகளில் ஆடியிருக்கிறார். ஆக, பனி இல்லாத நாடுகளின் பிள்ளைகளுக்கு ஒரு காலாவது வெளிநாட்டில் இருக்க வேண்டியிருக்கிறது. வெளிநாட்டில் அவர்களை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதுதான் கேள்வி. நான் சொல்ல வந்த விஷயமும் அதுதான்.

2017 ஆகஸ்ட் மாதம். கோலாலம்பூர் தென்கிழக்காசிய விளையாட்டு. ஃபிகர் ஸ்கேட்டிங் அந்த விழாவில் சேர்ந்தது அதுவே முதல் முறை. டாமன்சாரா பெர்டானாவில் எம்பயர் சிட்டி அரங்கம். பெண்கள் பிரிவில் தங்கம் சிங்கப்பூருக்கு! வென்றவர் யூ ஷூரான், பதினாறு வயது. வெள்ளியும் சிங்கப்பூர்ப் பெண் குளோயி இங்குக்கு. வெயில் நாட்டில் பனிக்கட்டியில் முதல் இரண்டு இடமும் நமக்கு. பத்திரிகைகள் கொண்டாடின. மேடையில் நின்ற பெண்ணின் படத்தைப் பார்த்த பெற்றோர் எத்தனை பேர் தம் பிள்ளையைத் திரும்பிப் பார்த்து, "பார்த்தியா, உன் வயசு தான்!" என்று சொல்லியிருப்பார்கள்! நானும் அப்படிச் சொல்லியிருப்பேன்.

யூ ஷூரான் பெய்ஜிங்கில் பிறந்தவர். பயிற்சி பெற்றதும் சீனாவில்தான். மூன்று ஆண்டு கழித்து, 2020 ஜூலையில், பத்தொன்பது வயதில், அந்தப் பயிற்சி எப்படி நடந்தது என்று அவரே எழுதி வெளியிட்டார். அமெரிக்க ஜிம்னாஸ்டிக் பிள்ளைகளுக்கு நடந்த கொடுமைகள் வெளிவந்து உலகமே பேசிக்கொண்டிருந்த நேரம். தென்கொரியாவில் சோய் சுக்-ஹியோன் என்ற இருபத்திரண்டு வயது வீராங்கனை, தான் அடிபட்டதைச் சொல்லிச் சொல்லிக் கேட்பாரில்லாமல் அந்த ஜூன் மாதம்தான் உயிரை விட்டிருந்தார்.

யூ எழுதியதன் சாரத்தைச் சொல்கிறேன். குழந்தைகள் படிக்கிற மலர் என்பதால் அளவோடு சொல்கிறேன். பதினோரு வயதில், ஆட்டத்தில் பிழை செய்தால், கையை நீட்டு என்று பயிற்சியாளர் சொல்வாராம். சறுக்குக் காலணியின் இரும்புக்கு மாட்டும் பிளாஸ்டிக் உறையால் அடி விழும். மோசமான நாட்களில் தொடர்ந்து பத்துக்கு மேல். தோல் உரியும் வரை. பதினான்கு வயதில் ஒரு பாய்ச்சல் சரியாக வராமல் திணறியபோது, கூப்பிட்டு, காலணி முனையின் இரும்புப் பல்லால் முழங்காலுக்குக் கீழே எலும்பில் உதைத்துவிட்டு, போய் மறுபடி செய் என்றார்கள். நொண்டக் கூடாது. அழக் கூடாது. வாயால் ஏசியது தனிக் கணக்கு. வெட்கத்தால் யாரிடமும் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறார். அடித்தவருக்கு வராத வெட்கம் அடிபட்ட பிள்ளைக்கு வந்திருக்கிறது பாருங்கள்.

கோலாலம்பூர் மேடையில் நின்றபோது அந்தப் பெண் இதையெல்லாம் நெஞ்சில் வைத்துக்கொண்டுதான் நின்றிருக்கிறாள். படத்தில் அது தெரியாது. தங்கப் பதக்கத்தின் பின்பக்கத்தை யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை.

"அடியாத மாடு படியாது என்று பெரியவர்கள் சொல்லவில்லையா வாத்தியாரே?" என்று யாரோ கேட்பது என் காதில் விழுகிறது. சொன்னார்கள். நானும் ரோத்தான் பட்டு வளர்ந்தவன்தான். என் சிறு வயதில் கணக்குச் சொல்லிக் கொடுத்த ஒருவர், பேர் வேண்டாம், வாய்ப்பாடு தப்பினால் விரல் முட்டியில் ஸ்கேலின் விளிம்பால் போடுவார். ஏழாம் வாய்ப்பாடு எனக்கு இன்றைக்கும் தலைகீழாய் வரும். உண்மைதான். ஆனால் கணக்கு எனக்குப் பிடித்ததா என்றால், இல்லை. பள்ளி முடிந்த அன்றே அதை விட்டேன். யூ ஷூரானும் ஆட்டத்தை விட்டுப் போய்விட்டார். ஆடித் தங்கம் வாங்கிய ஒரு பிள்ளை இருபது வயதுக்குள் ஒதுங்கிப் போனால், அடி எதைத்தான் படிய வைத்தது? பழமொழி மாட்டைப் பற்றியது. பிள்ளையைப் பற்றியதல்ல.

ஒரு நாட்டை மட்டும் குற்றம் சொல்லிவிட்டுப் போவதும் நியாயமில்லை. 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ரஷ்யாவின் கமிலா வலியேவாவுக்குப் பதினைந்து வயது. எல்லாரும் தங்கம் அவளுக்கே என்றார்கள். போட்டி நடுவில், அதற்குமுன் டிசம்பரில் எடுத்த சோதனையில் தடை செய்த மருந்து இருந்ததென்ற செய்தி வெடித்தது. கடைசி ஆட்டத்தில் விழுந்து, விழுந்து எழுந்து, நான்காம் இடத்துக்குப் போனாள். அழுதுகொண்டு வெளியே வந்த பிள்ளையை அவள் பக்கத்துப் பெரியவர்கள் எதிர்கொண்ட விதத்தைத் தொலைக்காட்சியில் உலகமே பார்த்தது. அரவணைக்கவில்லை, ஏன் விட்டாய் என்று கேட்டார்கள். அப்போது ஒலிம்பிக் குழுத் தலைவராயிருந்த தாமஸ் பாக், பார்க்கவே நடுக்கமாக இருந்ததென்று வெளிப்படையாகச் சொன்னார். 2024 ஜனவரியில் நான்கு ஆண்டுத் தடை அந்தப் பெண்ணுக்கு விழுந்தது. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு மருந்து எப்படி வந்தது, யார் கொடுத்தார்கள் என்பதைக் காட்டிலும் பிள்ளையின் பேர்தான் ஊர் வாயில் அடிபட்டது.

ஒரு நல்லது நடந்தது. அதே 2022 ஜூன் மாதம், நமக்குப் பக்கத்தில் தாய்லாந்தின் புக்கெட்டில், அனைத்துலகச் சறுக்குச் சங்கம் கூடியது. பெரியவர் பிரிவில் ஆடுவதற்கான வயதைப் பதினைந்திலிருந்து படிப்படியாகப் பதினேழுக்கு உயர்த்த வேண்டுமென்று தீர்மானம். ஆதரவு 100, எதிர்ப்பு 16. 2023 பருவத்தில் பதினாறு, 2024 பருவத்திலிருந்து பதினேழு. சோன்யா ஹெனி பதினோரு வயதில் வந்ததிலிருந்து இதற்குத் தொண்ணூற்றெட்டு ஆண்டு ஆயிற்று. சின்ன உடம்பு இலேசு, காற்றில் வேகமாய்ச் சுழலும். அதனால்தான் சின்னப் பிள்ளைகளைத் தேடினார்கள். எலும்பைப் பற்றி நான் முன்பு சொன்னதை நினைத்துப் பாருங்கள். விதி மாறியது அடியை நிறுத்திவிடாது. பூட்டிய பயிற்சிக் கூடத்துக்குள் விதிப்புத்தகம் போவதில்லை. ஆனால் ஒரு பிள்ளையைப் பன்னிரண்டு வயதுக்குள் கசக்கிப் பிழிந்துவிட வேண்டுமென்ற அவசரம் கொஞ்சம் குறையலாம்.

பெற்றோர்களே, நீங்கள் டியூஷனுக்கு அனுப்புகிறீர்கள்; நீச்சலுக்கு அனுப்புகிறீர்கள்; பரதநாட்டியம், சிலம்பம், பேச்சுப்போட்டிக்கும் அனுப்புகிறீர்கள். தோட்டத்தில் இருக்கிற அண்ணன்மார், அக்காமார், மேல்நேர வேலை பார்த்துப் பணம் கட்டுகிறீர்கள். பிள்ளை திரும்பி வந்ததும் நாம் முதலில் கேட்பது என்ன? "எத்தனை மார்க்கு? எத்தனாவது ரேங்கு?" நானும் அதையேதான் கேட்டிருக்கிறேன், என் பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள். அன்றைக்கு எப்படிப் போயிற்று, யாராவது கை வைத்தார்களா, ஏசினார்களா என்று கேட்ட நாட்கள் குறைவு. யூ ஷூரானை அடித்தது மூலையில் மறைந்து நின்றல்ல. கூட ஆடிய பிள்ளைகள் பார்த்தார்கள். முன்பின் தெரியாதவர்களும் பார்த்தார்கள். அவரே அப்படித்தான் எழுதியிருக்கிறார்.

இங்கே எனக்கு வேறொருவர் நினைவு வருகிறது. பனிக்கட்டிக்காரர் அல்லர், மண் தடத்தில் ஓடியவர். நம் சி. குணாளன். தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை, ஆசிரியர் தொழில். முதலில் கால்பந்துதான் ஆடினார். இருபது வயதுக்கு மேல்தான் ஓட்டத்தில் முறையாக இறங்கினார் என்றால் இன்றைய பயிற்சியாளர்கள் நம்ப மாட்டார்கள்! அவரது காலில் இருந்த வேகத்தைக் கண்டு ஓட்டத்துக்கு அழைத்து வந்தவர் டான் எங் யூன். தாமே 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்குக்குப் போன வீரர். 1968இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் குணாளன் நூறு மீட்டரை 10.38 விநாடியில் ஓடினார். அந்தத் தேசியச் சாதனை முப்பத்து மூன்று ஆண்டு நின்றது. 2001இல்தான் யூ.கே. ஷியாம் 10.37 ஓடி, நூற்றில் ஒரு பங்கு விநாடியால் அதைக் கடந்தார். மெக்சிகோவில் குணாளன் பதக்கம் வாங்கவில்லை. ஆனால் தம் பயிற்சியாளரைப் பற்றிப் பேசிய இடங்களிலெல்லாம் தகப்பனைப் பற்றிப் பேசுவதுபோல்தான் பேசியிருக்கிறார். ஓட்டத்தை நிறுத்திய பிறகும் திடலை விடவில்லை. உடற்கல்வி ஆசிரியராக வரப்போகிறவர்களுக்குப் பாடம் சொல்லும் விரிவுரையாளராகப் பல்லாண்டு வேலை பார்த்தார். இந்த ஊர்ப் பள்ளித் திடல்களில் விசில் ஊதிய ஆசிரியர்கள் பலர் அவரிடம் படித்தவர்கள்.